ஹூவரில் தோற்றவர்கள் ஒமாஹாவில் ஜெயிப்பது எப்படி?

டென்னஸி பல்கலைக்கழகத்தில் மகனைப் படிக்க வைத்திருக்கும் ஒருவர் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "சீசன் முழுக்க 30 ஆட்டம் ஆடி யார் முதலிடம் என்று முடிவாகிவிடுகிறது. அப்புறம் எதற்கு அலபாமாவில் ஹூவர் என்ற ஊரில் ஒரு வாரம் மறுபடியும் டூர்னமென்ட்? அங்கே படுதோல்வி அடைந்த அணி அடுத்த மாதம் தேசிய சாம்பியன் ஆகிறது. அப்படியானால் இந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு? மே மாதம் மகனைப் பார்க்க வருகிறோம், ஒரே ஒரு நாள்தான் போக முடியும். எந்த நாள் போகலாம்?"

நான் ஹூவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் அந்த வாரத்தில் நான்கைந்து ஆட்டமாவது நேரில் பார்த்துவிடுவேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'கான்ஃபரன்ஸ்' என்றால் ஒன்றுக்கொன்று ஆடிக்கொள்ள ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் கூட்டணி. தென்கிழக்கு மாநிலங்களின் கூட்டணிதான் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்இசி. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 2024-ல் வந்து சேர்ந்த பிறகு மொத்தம் 16 கல்லூரிகள். ஒவ்வொன்றும் பத்து வார இறுதிகளில், வாரத்துக்கு ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் ஆடும். அந்த 30 ஆட்டத்தில் யார் முதலிடமோ அவர்கள் சீசன் சாம்பியன். ஹூவரில் ஜெயிப்பவர்கள் டூர்னமென்ட் சாம்பியன். இரண்டு பட்டமும் தனித்தனி, இரண்டும் வேறு வேறு அணிக்குப் போவது சாதாரணம்.

இப்போது டூர்னமென்ட் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ என்ற அமைப்பின் தேசியப் போட்டியில் 64 அணிகளுக்கு இடம். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் டூர்னமென்ட் சாம்பியனும் யார் தயவும் இல்லாமல் நேராக உள்ளே போய்விடலாம். மீதி இடங்களுக்கு ஒரு குழு உட்கார்ந்து, சீசன் முழுக்க யார் யாரை ஜெயித்தார்கள், எதிரிகள் எவ்வளவு பலசாலிகள் என்று பார்த்து அணிகளைத் தேர்ந்தெடுக்கும். 64 அணிகளும் நாலு நாலாகப் பிரிந்து 16 ஊர்களில் ஆடும். இதற்கு ரீஜனல் என்று பெயர். அதில் ஜெயித்த 16 அணிகள் இரண்டிரண்டாக மோதி எட்டாகும். அந்த எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவுக்குப் போகும். அங்கே ஜெயிப்பவர்தான் தேசிய சாம்பியன். கல்லூரி பேஸ்பால் ஆடும் ஒவ்வொரு பையனுக்கும் அந்த ஊர்ப் பெயர்தான் கனவு.

எஸ்இசி மாதிரி பெரிய கூட்டணியில் நல்ல அணிகளுக்கு அந்த நேரடி இடமே தேவையில்லை. 2025-ல் எஸ்இசியிலிருந்து மட்டும் 13 அணிகள் 64-க்குள் வந்தன. ஹூவரில் முதல் நாளே தோற்றாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு ஜூன் மாதம், அதாவது தேசியப் போட்டி, உறுதி. சின்னக் கூட்டணிகளில் கதை வேறு. அங்கே டூர்னமென்டில் ஜெயித்தால் ஜூன் உண்டு, தோற்றால் பெரும்பாலும் சீசன் அன்றோடு முடிந்தது.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பாருங்கள். ரீஜனலில் நான்கு அணிகளுக்கும் ஒன்று முதல் நான்கு வரை தரவரிசை கொடுப்பார்கள். நான்காவது என்றால் அந்த ஊருக்கு உதை வாங்க வந்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 64 அணி முறை 1999-ல் வந்த பிறகு, நான்காம் தரவரிசையில் இருந்து ஒமாஹா வரை போனவை நான்கே அணிகள்: 2008-ல் ஃபிரெஸ்னோ ஸ்டேட், 2012-ல் ஸ்டோனி புரூக், 2023-ல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-ல் மர்ரே ஸ்டேட். நான்குமே தங்கள் கான்ஃபரன்ஸ் டூர்னமென்டில் ஜெயித்து, அந்த நேரடி வாசல் வழியாக உள்ளே வந்தவை. ஃபிரெஸ்னோ ஸ்டேட் இன்னும் ஒரு படி மேலே போய் தேசிய சாம்பியனே ஆனது. அந்த சீசனில் 31 ஆட்டம் தோற்ற அணி அது! கான்ஃபரன்ஸ் டூர்னமென்ட் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் ஹூவரைக் காட்டுவதில்லை, இந்த நான்கு அணிகளைத்தான் காட்டுவேன்.

சரி, அப்படியானால் ஹூவர் எதற்கு? இங்கேதான் பந்து எறியும் பிட்சர்களின் கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இது புரிந்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தானாகக் கரைந்துவிடும்.

கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் செவ்வாய்க்கிழமை நான்கு ஓவர் போட்டுவிட்டு வியாழக்கிழமை மறுபடியும் போடுவார். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஒரே நாளில் நூறு பந்து வரை முழு வேகத்தில் எறிகிறார். ஓடி வந்து வீசுவதில்லை, நின்ற இடத்திலிருந்து தோளையும் முழங்கையையும் முறுக்கி எறிவது. அதற்குப் பிறகு கல்லூரியில் அவருக்குப் பொதுவாக ஒரு வாரம் ஓய்வு. அதனால்தான் ஒவ்வொரு அணியிலும் வெள்ளிக்கிழமைக்கு ஒருவர், சனிக்கிழமைக்கு ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவர் என்று மூன்று பேர். வெள்ளிக்கிழமைக்காரர்தான் அணியின் முதல் கை. சீசன் முழுக்க இந்த ஏற்பாடு கடிகாரம் மாதிரி ஓடும்.

ஹூவர் வாரம் அந்தக் கடிகாரத்தை உடைத்துவிடுகிறது. டூர்னமென்ட் செவ்வாய்க்கிழமை தொடங்குவதால் சீசனின் கடைசி வாரத் தொடரை வியாழன் முதல் சனி வரை என்று ஒரு நாள் முன்னால் நகர்த்திவிடுவார்கள். வியாழனன்று நூறு பந்து எறிந்த பிட்சர் அடுத்த செவ்வாய் அல்லது புதனன்று எறியலாமா? எறியலாம். ஆனால் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ரீஜனல் ஆரம்பம். ஹூவரில் புதன்கிழமை எறிந்தால் ரீஜனலுக்கு ஒன்பது நாள் இடைவெளி கிடைக்கிறது. சனிக்கிழமை அரையிறுதியில் எறிந்தால் ஆறே நாள். ஞாயிறு இறுதி ஆட்டத்தில் எறிந்தால் ஐந்தே நாள். இப்போது நீங்களே ஒரு கோச்சாக உட்கார்ந்து பாருங்கள். ஜூன் மாதம் உறுதியாகிவிட்டது, சொந்த ஊரிலேயே ரீஜனல் நடத்தப் போகிறீர்கள். உங்கள் முதல் கையை ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பைக்காகச் செலவழிப்பீர்களா?

பெரும்பாலான கோச்சுகள் செலவழிப்பதில்லை. அதனால் ஹூவரின் இறுதி ஆட்டத்தில், பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறி நிற்பவர் பல வருடங்களில், சீசன் முழுக்க நீங்கள் பெயரே கேட்டிராத ஒரு பையனாக இருப்பார். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது அந்த வாரத்தின் மிக நல்ல விஷயங்களில் ஒன்று. பத்தாயிரம் பேருக்கு முன்னால், தேசியத் தொலைக்காட்சியில், ஒரு முதலாம் ஆண்டு மாணவன் முதல்முறையாக, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் நான்கைத் தாங்கிப் பிடிக்கிறான். மூன்று வாரம் கழித்து ஒமாஹாவில் அவனைக் கூப்பிடும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குள் இருக்கும்.

கையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஹூவர் என்பது பர்மிங்ஹாம் நகரத்தின் புறநகர். முழங்கைத் தசைநார் கிழிந்த பிட்சர்களுக்கு மாற்றுத் தசைநார் வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்கு உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் இந்த பர்மிங்ஹாமில்தான் பல்லாண்டு பணியாற்றினார். 1974-ல் அந்தச் சிகிச்சை முதன்முதலாக நடந்தது கலிஃபோர்னியாவில். ஆனால் அமெரிக்கா முழுவதிலிருந்தும் கை போன பிட்சர்கள் தேடி வந்த ஊர் இது. அவர் பணியாற்றிய ஆஸ்பத்திரி மைதானத்திலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். ஒரு பையன் ஐந்து நாளில் இரண்டாவது முறையாக மேட்டில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும். கோப்பையை விட்டுக்கொடுத்தாவது கையைக் காப்பாற்றும் கோச்சின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஹூவரில் தோற்றவர்கள் ஒமாஹாவில் ஜெயித்த கதைகள் நிஜமாகவே இருக்கின்றன.

2021-ல் மிசிசிப்பி ஸ்டேட் இங்கே இரண்டு ஆட்டம் ஆடியது. ஃபுளோரிடாவிடம் 13-1, டென்னஸியிடம் 12-2. ஏழு இன்னிங்ஸுக்குப் பிறகு பத்து ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துவிடும் விதி உண்டு, இரண்டு ஆட்டமும் அப்படித்தான் முடிந்தன. அதே அணி அடுத்த மாதக் கடைசியில் ஒமாஹாவில் வாண்டர்பில்ட்டை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. ஹூவரில் கோப்பை வாங்கிய ஆர்கன்சாவோ ஒமாஹாவுக்குப் போகவே இல்லை.

அதைவிடப் பெரிய கதை 2022. ஓல் மிஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி சீசனில் 14 ஜெயித்து 16 தோற்றிருந்தது. ஹூவரில் செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டத்திலேயே வாண்டர்பில்ட்டிடம் தோற்று ஊருக்குப் பஸ் ஏறியது. பிறகு ஆறு நாள் சும்மா உட்கார்ந்து, தேர்வுக் குழு என்ன சொல்லுமோ என்று காத்திருந்தார்கள். 64-க்குள் கடைசியாகச் சேர்க்கப்பட்ட சில அணிகளில் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அவர்கள்தான் கடைசியில் ஓக்லஹோமாவை ஜெயித்துக் கோப்பையோடு வந்தார்கள். அந்த ஆறு நாள் காத்திருப்பு கொடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்களின் பிட்சர்கள் அத்தனை பேரின் கையும் அந்த நாட்களில் முழுசாக ஆறியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஹூவரில் ஜெயித்தது உங்கள் மகனின் டென்னஸி. நாட்டிலேயே முதல் தரவரிசை அணி. ரீஜனலுக்கு அடுத்த சுற்றில் நோட்டர் டேமிடம் சொந்த ஊரிலேயே தோற்றது.

இதை மட்டும் வைத்து ஹூவரில் ஜெயிப்பது கெட்ட சகுனம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. 2009-ல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), 2019-ல் வாண்டர்பில்ட், 2024-ல் டென்னஸி மூன்றுமே ஹூவரிலும் ஜெயித்து ஒமாஹாவிலும் ஜெயித்தவை. அந்த 2024 டென்னஸியின் வாரம் நான் நேரில் பார்த்தவற்றுள் மறக்க முடியாதது. முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்ட்டிடம் 13-4 என்று நொறுங்கினார்கள். அப்போது செவ்வாய்க்கிழமை ஆட்டங்களுக்குப் பிறகு அரையிறுதி வரும் வரை, இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்ற விதி இருந்தது. அதற்கு மேல் ஒரு தோல்விக்கும் இடமில்லாமல், டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிசிசிப்பி ஸ்டேட், அப்புறம் அதே வாண்டர்பில்ட், கடைசியில் எல்எஸ்யூவை 4-3 என்று வரிசையாக ஜெயித்தார்கள். நாளுக்கொரு ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்தாறு பிட்சர்கள். அப்போதைய டென்னஸி கோச் டோனி விட்டெல்லோ அன்று ஒவ்வொரு கையையும் எண்ணி எண்ணிச் செலவழித்த விதம் ஒரு பாடம். தேசிய அளவில் முதல் தரவரிசை பெற்ற அணி சாம்பியன் ஆவது 1999 மயாமிக்குப் பிறகு அந்த வருடம்தான் நடந்தது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த மாதிரி வாரம் இனி வராது. 2025 முதல் 16 அணிகளும் வருகின்றன, ஒரு தோல்வியோடு எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது. முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் ஆடாமலே காலிறுதிக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்து முதல் எட்டு வரை இருப்பவர்கள் புதன்கிழமை தொடங்குகிறார்கள். மீதி எட்டு அணிகள் செவ்வாயன்றே மோதுகின்றன. மேலே இருப்பவருக்கு மூன்று வெற்றி போதும், கீழே இருப்பவருக்கு ஆறு நாளில் ஐந்து வெற்றி வேண்டும். பழைய முறையில் 12 அணிகளுக்கு 17 ஆட்டம், இப்போது 16 அணிகளுக்கு 15 ஆட்டம்.

பிட்சர்களின் கைக்கு இந்தப் புதிய முறை நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உயிர் வந்துவிட்டது என்பதும் உண்மை. பழைய நாட்களில் வியாழக்கிழமை சில ஆட்டங்களில் இரண்டு அணிகளுமே சீக்கிரம் வீட்டுக்குப் போனால் தேவலை என்று ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஆனாலும் காலையில் அடிபட்டு, மறுநாள் எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை வரை ஊர்ந்து வரும் அணியை இனி ஹூவரில் பார்க்க முடியாது. இரண்டையும் தராசில் வைத்தால் கையைக் காப்பதுதான் முக்கியம் என்ற பக்கம்தான் நான் நிற்பேன், மனசு கேட்காவிட்டாலும்.

புதிய முறையின் முதல் வருடமே பெரிய பெயர்களை விட்டுவைக்கவில்லை. எஸ்இசியில் சேர்ந்த முதல் சீசனிலேயே 30 ஆட்ட அட்டவணையில் முதலிடம் பிடித்த டெக்சாஸ், காலிறுதியில் டென்னஸியிடம் 12 இன்னிங்ஸ் போராடித் தோற்று ஒரே ஆட்டத்தோடு கிளம்பியது. நான்காம் இடத்திலிருந்த வாண்டர்பில்ட் இறுதியில் ஓல் மிஸ்ஸை 3-2 என்று ஜெயித்தது, நாட்டின் முதல் தரவரிசையும் அதற்கே கிடைத்தது. அடுத்த வாரம் நாஷ்வில்லில், சொந்த மைதானத்தில், ரீஜனலையே தாண்ட முடியவில்லை. ஓல் மிஸ் தன் ஊரில் மர்ரே ஸ்டேட்டிடம் தோற்றது. ஆமாம், மேலே சொன்ன நான்கில் ஒன்றான அதே மர்ரே ஸ்டேட். ஹூவரின் அரையிறுதியில் ஓல் மிஸ்ஸிடம் 2-0 என்று தோற்று வீடு திரும்பிய எல்எஸ்யூதான் ஒமாஹாவில் தேசிய சாம்பியன்.

ஆக, ஹூவர் கோப்பையை ஜூன் மாதத்துக்கான ஜோசியமாகப் படிக்காதீர்கள். ஒவ்வொரு அணியும் அங்கே வேறு வேறு தேவையோடு வருகிறது. மேலே இருக்கும் அணி பிட்சர்களை இலேசாக ஓட்டிப் பார்க்க வருகிறது. ஏழாவது எட்டாவது இடத்தில் இருப்பவர்கள், ரீஜனலை நம்ம ஊரிலேயே நடத்தும் 16-க்குள் வந்துவிட இன்னும் ஒரு நல்ல வெற்றி கிடைக்காதா என்று வருகிறார்கள். பன்னிரண்டாவதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உயிர்ப் போராட்டம். ஒரே மைதானத்தில் இந்த மூன்று தேவைகளும் மோதுவதால்தான் முடிவுகள் அவ்வளவு விநோதமாக வருகின்றன. மேற்குக் கடற்கரையின் பேக்-12 கூட்டணி இந்தக் குழப்பமே வேண்டாம் என்று 2022 வரை டூர்னமென்ட் இல்லாமலே இருந்தது. சீசன் முதலிடமே சாம்பியன், அவ்வளவுதான். நியாயம் என்று பார்த்தால் அதுதான் நியாயம். ஆனால் அவர்களும் கடைசியில் 2022-ல் ஸ்காட்ஸ்டேலில் ஒன்றைத் தொடங்கினார்கள்.

மைதானத்தைப் பற்றி. ஹூவர் மெட் என்று எல்லோரும் சொல்லும் ஹூவர் மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம் 1988-ல் திறந்தது. சுமார் 10,800 பேர் உட்காரலாம். எஸ்இசி டூர்னமென்ட் 1977-லிருந்து நடக்கிறது, 1998 முதல் இங்கேயே தங்கிவிட்டது, கொரோனா வந்த 2020-ல் மட்டும் நடக்கவில்லை. 1994-ல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பாலுக்கு வந்த மைக்கேல் ஜோர்டன், பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக அந்த ஒரு சீசனை ஆடிய சொந்த மைதானம் இதுதான். உலகிலேயே மிகச் சிறந்த விளையாட்டு வீரருக்கும் வளைந்து வரும் பந்து எவ்வளவு கஷ்டம் என்று இந்த மைதானம் பார்த்திருக்கிறது. மகனிடம் சொல்லுங்கள், ரசிப்பான்.

எல்எஸ்யூ ரசிகர்களையும் கவனியுங்கள். இந்த டூர்னமென்டில் அதிகம் ஜெயித்த அணி அவர்களுடையது, 12 முறை. லூசியானாவிலிருந்து வீடு மாதிரி வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து, வாரம் முழுக்க வாகன நிறுத்தத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவார்கள். நீங்கள் எதிரணி நிறத்தில் சட்டை போட்டிருந்தாலும் ஒரு தட்டு நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், காரம் நமக்குப் பழக்கமானதுதான்.

எந்த நாள் போவது? எல்லோரும் ஞாயிறு இறுதி ஆட்டம் என்பார்கள். நான் செவ்வாய்க்கிழமை என்பேன். அன்று நான்கு ஆட்டம், முதலாவது காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிடும். டென்னஸியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அவர்கள் எந்த இடத்தில் முடிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நாளை மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு, பள்ளிக் குழந்தைகளை வண்டி வண்டியாகக் கூட்டி வருவார்கள், முன்வரிசையில் உட்கார்ந்து பிட்சரின் மூச்சுச் சத்தம் வரை கேட்கலாம்.

அதைவிட முக்கியக் காரணம் ஒன்று. செவ்வாயன்று தோற்கும் நான்கு அணிகளில் சிலவற்றுக்கு அதுதான் சீசனின் கடைசி நாள். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பையன்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப் போவதில்லை. ஐந்து வயதில் மட்டை பிடித்தவர்கள், அன்று மதியத்தோடு விடுகிறார்கள். ஆட்டம் முடிந்து கை குலுக்கி, அடுத்த ஆட்டத்துக்காகத் தரையைச் சீர்செய்யும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்போதும் இரண்டு மூன்று பேர், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டின் கம்பியில் சாய்ந்துகொண்டு மைதானத்தையே பார்த்து நிற்பார்கள். கோச் வந்து தோளில் கை வைப்பார், கூப்பிட மாட்டார். பெற்றோர் மேலே நாற்காலியை விட்டு எழாமல் காத்திருப்பார்கள்.

தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள், மே மாத வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததில்லை. மாலையில் இடியோடு மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவைப்பார்கள், சில வருடம் கடைசி ஆட்டம் நள்ளிரவு தாண்டிவிடும். எனவே இரவு திரும்புவதாகத் திட்டம் போடாமல் பக்கத்தில் ஒரு அறை எடுத்துவிடுங்கள்.